நூல் மில் கூடம் கலைக்கூடமான அனுபவம்

1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தபின் வரிசையாக எழுந்த நூற்பாலைகளில் ஒன்றின் ரிங் பிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) கூடத்தை, முன்னாள் மில் தொழிலாளர்களும் கும்மிக் குழுவினரும் சேர்ந்து, சிங்காநல்லூர் பக்கம் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்தோம். வள்ளி-முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மிக்கும், உடுக்கை அடித்துக் கதை சொல்லும் உடுக்கையடிக் கதைப்பாட்டுக்கும் நிலையான இடம் வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். கூடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே சுலபம் என்று பலரும் சொன்னார்கள். பழைய கட்டடத்தைக் காத்தது சரியான முடிவு என்றே இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

அனுமதிகளில் வரிசை முக்கியம். தொழிற்சாலைப் பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட நிலத்துக்கு நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் நிலப் பயன்பாட்டு மாற்றம் கிடைக்கும்வரை எங்களுடைய மற்ற விண்ணப்பங்கள் நகரவில்லை. அதன்பிறகே பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, தாசில்தார் வழங்கும் பொதுக்கட்டட உரிமம் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பொறியாளரை அழைத்துச் சென்று தூண்களையும் கூரைச் சட்டங்களையும் தட்டிப் பார்க்கச் செய்துவிடுவது நல்லது. எங்கள் கூடத்தில், மில்லுக்குள் காற்றின் ஈரத்தைச் சீராக வைக்கும் ஈரப்பத பிளாண்டுக்குக் காற்று திரும்பிச் செல்லத் தரைக்கடியில் வெட்டியிருந்த கால்வாய்களைக் கண்டு அவர் தயங்கினார். அவற்றின் மேல் கான்கிரீட் பலகைகள் பதித்து, உள்ளே மின்கம்பிகளைக் கொண்டுபோன பின்னரே சான்றில் கையெழுத்திட்டார்.

கூரைதான் அந்தக் கட்டடத்தின் செல்வம். ரம்பப் பல் போல் எழுந்து நிற்கும் அதன் வடக்கு முகத்தில் கண்ணாடி வைத்திருப்பதால், நேர்வெயில் படாத சீரான வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. ஓய்வுபெற்ற பிட்டர் (மில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்) ஒருவர், "கண்ணாடியத் தொடச்சு உட்டாப் போதுமுங்க, பகல்ல லைட்டே வேண்டாம்" என்றார். அது அப்படியே பலித்தது. ஆனால் கோவை 11 பாகை அட்சரேகையில் இருப்பதால், சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம்வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் கண்ணாடி வழியே வெயில் விழுவதைத் தடுக்க வெள்ளைக் காடாத் துணி கட்டுகிறோம்.

ஒலி இன்னும் கடினமாக இருந்தது. வெற்றுச் சுவரில் மோதிய உடுக்கை ஒலி திரும்பி வந்து கதைப்பாட்டின் சொற்களை விழுங்கியது. பவானி ஜமக்காளங்களைச் சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டுத் தொங்கவிட்ட பிறகுதான் பாடுபவரின் சொல் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது. தூண்களை அகற்ற முடியாது என்பதால், கும்மி வட்டம் இரண்டு தூண்களை நடுவில் வைத்துச் சுற்றி வருகிறது. குழந்தைகள் அதற்கு விரைவாகப் பழகிவிட்டார்கள்.

பராமரிப்பில் எங்களைத் தொடர்ந்து வேலை வாங்குவது, கூரையின் ரம்பப் பற்களுக்கு இடையிலுள்ள மழைநீர் வடிகால்கள். ஐப்பசி மழைக்கு முன் அவற்றில் சேர்ந்த சருகுகளை அள்ளாவிட்டால் தண்ணீர் நேராக ஆட்டத் தரையில்தான் இறங்கும்.