தமிழ்ச் சேரின் அரைமணி நாடகங்கள்

எங்களுக்குத் தமிழ் படிப்பித்த சேர் காலமான செய்தி வந்த நாள்முதல் பழைய மாணவர்களின் பேச்செல்லாம் அவருடைய பிரம்பையும் இலக்கணப் புணர்ச்சி விதிகளையும் சுற்றியே இருக்கிறது. அவர் தொலைக்காட்சிக்கு நாடகம் எழுதியவர் என்பது பலருக்கு மறந்தே போயிற்று. மறக்கக் கூடாத எழுத்து அது.

1982 பெப்ரவரி 15இல் இலங்கையின் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியபோது, அவரும் வானொலியில் கை பழகியவர்தான். "என்ன தங்கச்சி, கையில கடிதத்தோட நிக்கிறாய்?" என்று கேட்டால்தான் வானொலியில் கடிதம் தெரியும். தொலைக்காட்சியில் அந்த வரி வீண் பாரம். அப்படிப்பட்ட வரிகளைச் சிவப்புப் பென்சிலால் வெட்டுவார். பக்கத்தில் கால்வாசி போய்விடும்.

தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் படம், வலப்பக்கம் பேச்சும் ஒலியும். விளம்பரமும் பெயர்களும் போக, அரைமணியில் ஏறக்குறைய 25 நிமிடம் மிஞ்சும். விறாந்தை, அடுப்படி, கந்தோர் என்று மூன்று செட்டுக்கு மேல் கேட்கமாட்டார். கமரா நகர இடம் வேண்டுமே.

பலர் சறுக்கியது உடுப்பில். காட்சிகளை வரிசையாகப் பதிவுசெய்தால், அடுப்படியில் சாரத்தோடு நின்ற தகப்பன் அடுத்த கணமே வேட்டி சால்வையோடு கந்தோரில் நிற்க முடியாது. அதற்காக இடையில் தாயும் மகளும் பேசும் ஒன்றரை நிமிடக் காட்சியொன்றை வைப்பார். கதைக்கும் அது இல்லாமல் முடியாது என்றாக்கிவிடுவதுதான் அவருடைய கெட்டித்தனம். அவருடைய பெண்கள் மனம் திறந்தது அந்தச் சின்னக் காட்சிகளில்தான்.

பிறகு வாய்விட்டு வாசித்து, மணிக்கூட்டைப் பார்த்து ஓரத்தில் விநாடி குறிப்பார். தேத்தண்ணி ஆற்றுவதற்கும் தனி விநாடி உண்டு.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. கொழும்புக்குக் கடிதம் போவதே பெரும்பாடு. அவர் எழுத்தும் அத்தோடு நின்றது. 1995 ஒக்ரோபர் 30இல் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது, பிரதிகள் றங்குப்பெட்டியோடு வீட்டிலேயே கிடந்தன. நாங்கள் அதற்கு முன்பே கடல் கடந்துவிட்டோம், சான்றிதழ்களை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு.

நடித்தவர்களுக்குக் கொடுத்த காபன் பிரதிகள் எங்காவது இருக்கும். ஓரத்தில் விநாடிக் கணக்கு இருந்தால் அது சேருடையது. ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனத்திடம் கொடுத்தால் எண்ணிமப்படுத்தி வைப்பார்கள். துருப்பிடித்த குண்டூசியைப் பிடித்து இழுக்க வேண்டாம், தாள் கிழியும். பின்பக்கத்தையும் படமெடுங்கள், செட்டின் வரைபடத்தை அங்கேதான் கீறுவார்.