ஏபிகே நிறுவ முடியவில்லையா? எந்தப் பூட்டு தடுக்கிறது என்று முதலில் பாருங்கள்

பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஒரு செயலியை, அதாவது அதன் ஏபிகே என்ற நிறுவல் கோப்பை, நிறுவுவது முன்பெல்லாம் ஒரே ஒரு சுவிட்ச் சமாச்சாரம். ‘அன்னோன் சோர்சஸ்’ என்பதை ஆன் செய்தால் முடிந்தது. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 அந்தச் சுவிட்சை எடுத்துவிட்டு, குரோம், ஃபைல் மேனேஜர், வாட்ஸ்அப் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி வைத்தது. அதற்குப் பிறகு பூட்டு மேல் பூட்டாக ஏறிக்கொண்டே போகிறது. நிறுவ முடியாதபோது பலரும் கண்ணில் படும் பாதுகாப்பை எல்லாம் அணைத்துவிட்டு மறுபடி முயல்கிறார்கள். அது ஆபத்து, தேவையும் இல்லை. தடுத்த பூட்டை மட்டும் திறந்தால் போதும். மற்றவற்றில் சில நமக்குக் கட்டாயம் வேண்டியவை.

முதல் பூட்டு, மேலே சொன்ன தனி அனுமதி. செட்டிங்ஸில் ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் அக்சஸ், இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ் என்று போனால் பட்டியல் வரும். கோப்பைத் திறக்கும் செயலிக்கு மட்டும் கொடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்புக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத நோட்டீஸ் என்ற பெயரில் சுற்றும் திருட்டு ஏபிகேக்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகின்றன.

அடுத்தது பிளே புரொடெக்ட், ஃபோனில் ஏறும் செயலிகளைச் சோதிக்கும் கூகிளின் காவல். 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரில் சோதனையாகத் தொடங்கிய கூடுதல் தடை ஒன்றைப் பின்னர் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். பிரவுசர், மெசேஜ் செயலி, ஃபைல் மேனேஜர் வழியே வரும் ஏபிகே நான்கு அனுமதிகளில் ஏதாவது ஒன்றைக் கேட்டால் நிறுவலே நின்றுவிடும். எஸ்எம்எஸ் படிப்பது, எஸ்எம்எஸ் பெறுவது, நோட்டிஃபிகேஷனைக் கவனிப்பது, அக்சசிபிலிட்டி (உடல் குறை உள்ளோர் ஃபோனைப் பயன்படுத்த உதவும் வசதி) ஆகியவை அந்த நான்கு. முதல் மூன்றில் எது கிடைத்தாலும் ஓடிபியைத் திருடலாம். நான்காவது கிடைத்தால் திரையில் இருப்பதைப் படிக்கலாம், உங்கள் விரலுக்குப் பதிலாகப் பொத்தானையும் அமுக்கலாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத செயலி இந்தத் தடையில் மாட்டினால் அழித்துவிடுங்கள், மேற்கொண்டு வழி தேட வேண்டாம்.

மூன்றாவது, ஆண்ட்ராய்டு 13இல் வந்த ‘ரெஸ்டிரிக்டட் செட்டிங்’. செயலி நிறுவப்பட்டிருக்கும், ஆனால் அக்சசிபிலிட்டியை ஆன் செய்யப் போனால் மங்கலாக இருக்கும். அதை ஒருமுறை தொட்டு, மறுப்புச் செய்தி வரட்டும். பிறகு அந்தச் செயலியின் ஆப் இன்ஃபோ பக்கத்தில் மேல் மூலை மூன்று புள்ளியை அமுக்கினால் ‘அலௌ ரெஸ்டிரிக்டட் செட்டிங்ஸ்’ இருக்கும். மறுப்புச் செய்தியைப் பார்க்காமல் நேரே இங்கே வந்தால் அந்த வரியே தென்படாது. பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

சாம்சங்கில் இன்னொன்று உண்டு, ஆட்டோ பிளாக்கர். சாம்சங்கின் ஆண்ட்ராய்டு வடிவமான ஒன் யுஐயில் 6.1.1 பதிப்பு முதல் புது ஃபோனை அமைக்கும்போதே இது ஆன் ஆகிவிடுகிறது. வெளிச் செயலிகளோடு யுஎஸ்பி வழிக் கட்டளைகளையும் சேர்த்துத் தடுக்கும். செட்டிங்ஸில் செக்யூரிட்டி அண்ட் பிரைவசிக்குள் போய் அணைக்கலாம். ஷாவ்மியில் கணினி வழியாக நிறுவ டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘இன்ஸ்டால் வயா யுஎஸ்பி’யைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். அதற்கு மி கணக்கும் உள்ளே சிம்மும் கேட்பார்கள். கேபிளுக்கும் சிம்முக்கும் என்ன தொடர்பு என்பதற்கு நியாயமான பதில் இல்லை.

இனி, பூட்டே இல்லாமல் தோற்கும் இடங்கள். ‘பேக்கேஜ் கான்ஃப்ளிக்ட்’ என்று வந்தால், ஏற்கெனவே இருக்கும் செயலியும் புது ஏபிகேயும் வேறு வேறு சாவியால் கையொப்பமிடப்பட்டவை. சாவி என்பது, செயலி இன்னாரிடமிருந்து வந்தது என்று காட்ட, வெளியிடுபவர் இடும் டிஜிட்டல் கையொப்பத்துக்கான ரகசிய எண். யூடியூப் பார்க்க உதவும் நியூபைப் செயலி நல்ல உதாரணம். திறமூலச் செயலிகளுக்கான கடையான எஃப்-டிராய்டின் முதன்மைக் களஞ்சியத்தில் கிடைப்பதும் நியூபைப் குழு தானே வெளியிடுவதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. தரவை எக்ஸ்போர்ட் செய்து, பழையதை நீக்கி, புதியதை நிறுவி, இம்போர்ட் செய்ய வேண்டும். ஒரு செயலிக்கு ஒரே மூலம் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது. ‘பார்சிங்’ பிழை வந்தால் கோப்பு பாதி இறங்கியிருக்கும், அல்லது செயலி உங்கள் ஆண்ட்ராய்டைவிடப் புதியதைக் கேட்கும். எக்ஸ்ஏபிகே, ஏபிகேஎஸ் என்று முடியும் கோப்புகள் பல துண்டுகளின் கட்டு. அவற்றைச் சாதாரண நிறுவியால் திறக்க முடியாது. மிகப் பழைய செயலி என்றால், ஆண்ட்ராய்டு 6க்கு முந்தைய பதிப்பை இலக்காகக் கொண்டவற்றை ஆண்ட்ராய்டு 14 மறுத்துவிடும். பிக்சல் 7 முதலான ஃபோன்கள் பழைய 32 பிட் வடிவம் மட்டும் உள்ள செயலிகளை ஏற்காது.

இவற்றில் பலவற்றுக்குக் ஏடிபிதான், அதாவது கணினியிலிருந்து ஃபோனுக்குக் கட்டளை அனுப்பும் கருவிதான், நேரான தீர்வு. பில்ட் நம்பரை ஏழு முறை தொட்டு டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்யுங்கள். கணினியில் கூகிளின் பிளாட்ஃபார்ம் டூல்ஸை இறக்கி, கேபிளைச் செருகி, ஃபோனில் வரும் கேள்விக்குச் சம்மதம் சொன்னபின் ‘ஏடிபி இன்ஸ்டால்’ கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுங்கள். திரையில் வராத பிழை விவரம் இங்கே எழுத்தில் கிடைக்கும். அதற்காகவே ஏடிபி பழகலாம். முடிந்ததும் டீபக்கிங்கையும் டெவலப்பர் ஆப்ஷன்ஸையும் அணையுங்கள். சில வங்கிச் செயலிகள் அவை ஆனாக இருந்தால் திறக்க மறுக்கும்.

இதுவரை சொன்ன பூட்டுகளில் முக்கியமானவை, செயலி என்ன செய்யப்போகிறது என்பதைப் பார்த்துத் தடுப்பவை. அதில் எனக்குச் சண்டையில்லை. 2025 ஆகஸ்டில் கூகிள் அறிவித்தது வேறு ரகம். 2026 செப்டம்பர் முதல் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளிலும், 2027 முதல் படிப்படியாக மற்ற நாடுகளிலும், கூகிள் சான்றளித்த ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அடையாளத்தைப் பதிவுசெய்த டெவலப்பரின் செயலி மட்டுமே ஏறும் என்பது திட்டம். பிளே ஸ்டோர் பக்கமே போகாதவரும் கூகிளிடம் பெயரும் முகவரியும் கொடுத்து, செயலியின் பேக்கேஜ் பெயரையும் (அதை அடையாளம் காட்டும் தனிப்பெயர்) சாவியையும் பதிய வேண்டும். முழுக் கணக்குக்கு 25 டாலர். மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுவோருக்கும் இலவசக் கணக்கு உண்டு, ஆனால் அதில் எத்தனை கருவிகளில் நிறுவலாம் என்பதற்கு வரம்பு. எதிர்ப்பு கிளம்பியபின், 2025 நவம்பரில், அபாயம் புரிந்த பயனர்களுக்குத் தனி வழி தருவதாகச் சொன்னார்கள். ஏடிபி நிறுவலுக்குத் தடையில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

எஃப்-டிராய்டுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அங்கே பெரும்பாலான செயலிகளை மூலநிரலிலிருந்து அவர்களே கட்டி, தங்கள் சாவியால் கையொப்பமிடுகிறார்கள். எழுதியவர் ஒருவர், கையொப்பம் இன்னொருவருடையது. ஒரு பேக்கேஜ் பெயரை யார் பேரில் பதிவது? எழுதியவரைப் பதியச் சொல்ல எஃப்-டிராய்டுக்கு அதிகாரமில்லை, அவர் பெயரைத் தானே எடுத்துக்கொள்வதும் முறையல்ல. தமிழ் தட்டச்சு தரும், இணைய அனுமதியே கேட்காத ஹெலிபோர்டு மாதிரியான விசைப்பலகைகள் புழங்குவது இந்தக் கடையில்தான்.

கையொப்பத்தை நீங்களே சரிபார்க்கவும் முடியும். ஆண்ட்ராய்டு எஸ்டிகே என்ற டெவலப்பர் தொகுப்பில் உள்ள ஏபிகேசைனர் கருவியால், கையொப்பச் சான்றிதழின் கைரேகை போன்ற ஷா-256 எண்ணை எடுத்து, டெவலப்பர் தன் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கோப்பு அவருடைய சாவியால் கையொப்பமிடப்பட்டதுதான். அவர் பெயரும் முகவரியும் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.