ரோலர் போகாத மூலை

அணுமின் நிலையத்தில் அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்றதும் எல்லோர் நினைப்பும் உலைக் கட்டடத்துக்குத்தான் போகும். தமிழ்நாட்டு நிலையங்களில் அதற்கு வாய்ப்பு குறைவு. கல்பாக்கத்தில் உலை உட்கார்ந்திருப்பது சார்னோகைட் பாறை மேல். கூடங்குளத்திலும் கடினப் பாறைதான். வம்பு வருவது வேறு இடத்தில். பாறை தெரியும்வரை பெரிய குழி தோண்டி, கட்டடத்தை எழுப்பி, பிறகு அதன் சுவருக்கும் குழியின் கரைக்கும் நடுவே திரும்ப மண் கொட்டி நிரப்புகிறோமே, அந்த மண்ணில். அவசர டீசல் ஜெனரேட்டர் கட்டடம், மின்மாற்றி மேடை, தீயணைப்புக் குழாய், கேபிள் பாதை எல்லாம் அதன் மேலோ அதற்குள்ளோதான் இருக்கும்.

கொங்கு நாட்டில் அணுமின் நிலையம் கிடையாது. ஆனால் கோவையிலும் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் சிவில் படித்துவிட்டு அந்த சைட்டுகளுக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதலில் தருவதே மண் வேலைதான், கான்கிரீட்டை மூத்தவர்கள் வைத்துக்கொள்வார்கள். இந்த ஏற்பாடே தலைகீழ் என்பது என் கருத்து. கான்கிரீட்டில் தப்பு நடந்தால் 28 நாளில் கியூப் (மாதிரிக் கட்டி) உடைத்துக் கண்டுபிடித்துவிடலாம். மண்ணில் நடந்த தப்பு மேலே கட்டடம் ஏறிய பிறகுதான் வெளியே வரும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மிட்லண்ட் என்ற ஊரில் இரண்டு உலைகளோடு கட்டிய நிலையம் இதற்குப் பேர்போன பாடம். 1977-ல் அங்கே நிர்வாகக் கட்டடத்தின் அஸ்திவாரம் இறங்கியது. அந்த ஓர் இடத்துக் கோளாறு என்று அதைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தார்கள். 1978-ல் டீசல் ஜெனரேட்டர் கட்டடம் இறங்க ஆரம்பித்தது. நிலையத்தின் 40 ஆண்டு ஆயுளில் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்களோ, அதைக் கட்டி முடிப்பதற்குள்ளேயே தாண்டிவிட்டது. கீழே சரியாக இறுகாத நிரப்பு மண். அதைவிடக் கெட்டது, அடியில் சில இடங்களில் கான்கிரீட் உறையிட்ட கேபிள் பாதைகள் கட்டடத்தை முட்டுக்கொடுத்தது போலத் தாங்கி நின்றன. சுற்றிலும் மண் இறங்க, அந்த இடம் மட்டும் இறங்க மறுத்ததால் சுவர் வெடித்தது. பிறகு கேபிள் பாதையைக் கட்டடத்திலிருந்து பிரித்துவிட்டு, உள்ளேயும் சுற்றியும் சுமார் 20 அடி உயரத்துக்கு மணலைக் குவித்து, பாரம் ஏற்றி மண்ணை வலுக்கட்டாயமாக இறங்க வைத்தார்கள். வேறு கட்டடங்களுக்கு அடியில் புதிதாகத் தாங்குதூண் கொடுக்க வேண்டியிருந்தது. தளர்வான மணல் பூகம்பத்தில் குழம்பிவிடக் கூடாது என்று நிலத்தடி நீரை நிரந்தரமாக இறைக்கும் ஏற்பாடு வேறு. 1984-ல் வேலையையே கைவிட்டார்கள். அதற்குக் காரணம் மண் மட்டும் இல்லை, செலவும் கால தாமதமும் சேர்ந்தது. அந்த இடம் பிறகு 1990-ல் எரிவாயு மின் நிலையமாக ஓட ஆரம்பித்தது.

இன்னொன்று ஜப்பானின் காஷிவாசாகி-கரிவா. 2007 ஜூலை 16 நிலநடுக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றன, உலைக் கட்டடங்கள் தாங்கிக்கொண்டன. மூன்றாம் யூனிட்டின் மின்மாற்றிப் பக்கம் நிரப்பு மண் இறங்கி, ஆழமாக ஊன்றிய கட்டடத்துக்கும் மேலோட்டமாக நின்ற மேடைக்கும் இடையே ஏற்றத்தாழ்வு வந்து, இணைப்பு பிய்ந்து, எண்ணெய் கசிந்து தீப்பிடித்தது. அணைக்கப் போனால் மண்ணுக்குள் இருந்த தீயணைப்புக் குழாயும் உடைந்து கிடந்தது. தீ அணைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பூமி குலுங்கியதை யாரும் தடுக்க முடியாது. மண் இறங்கியதைக் குறைத்திருக்க முடியும்.

நிரப்பு மண் என்றாலே ஆகாது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜார்ஜியாவில் வோக்டில் நிலையத்தின் 3, 4 யூனிட்டுகளுக்குச் சுமார் 90 அடி மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, அடுக்கடுக்காக இறுக்கிய நிரப்பு மண் மேல்தான் உலையையே வைத்தார்கள். அந்த வகை உலையின் ராஃப்ட் (கட்டடம் முழுதுக்கும் அடியில் போடும் ஒரே கான்கிரீட் பலகை) கீழே தரும் சராசரி அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 43 டன். நம் ஊரில் மூன்று மாடி வீட்டுக்கு 15, 20 டன் தாங்கும் மண் கிடைத்தால் மேஸ்திரி சந்தோஷப்படுவார். அடுக்கும் ஈரமும் ரோலரும் ஒழுங்காக இருந்தால் மண் அந்தப் பாரத்தையும் சுமக்கும்.

இனி நம் மண்ணை வைத்தே பேசலாம். பல்லடம், சூலூர், பொள்ளாச்சிப் பக்கம் கரிசல். பெருந்துறை, காங்கேயம் பக்கம் நைஸ் பாறை சிதைந்து வந்த செம்மண் கிராவல். நடுவில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல். ஒரு மண்ணை எந்த ஈரத்தில் எவ்வளவு இறுக்க முடியும் என்று ஆய்வகத்தில் குத்திப் பார்த்து வரைகோடு போடுவதுதான் புராக்டர் சோதனை. அதில் செம்மண் கிராவலின் உச்ச உலர் அடர்த்தி பெரும்பாலும் கன செ.மீ.-க்கு 1.9, 2.0 கிராம் என்று வரும், அதற்கு உகந்த ஈரம் 9 முதல் 12 சதவீதம். கரிசலுக்கு அடர்த்தி 1.5, 1.6 தாண்டாது, ஈரம் 20-க்கு மேல் கேட்கும். டிப்பர்காரர் ஒரே குழியிலிருந்து கொண்டுவந்தாலும் மேல் மூன்றடி ஒரு மண், கீழ் மூன்றடி வேறு மண். சைட்டில் குழி போட்டு எடுத்த உலர் அடர்த்தி 1.75 என்று வையுங்கள். வந்திருப்பது செம்மண், உச்சம் 2.00 என்றால் இறுக்கம் 87.5 சதவீதம், அடுக்கையே பெயர்த்துப் போட வேண்டும். அதையே பழைய கலப்பு மண்ணின் வரைகோட்டோடு, உச்சம் 1.60 என்று ஒப்பிட்டால் 109 சதவீதம், அமோகமாகப் பாஸ். ரிஜிஸ்டரில் 105-ஐத் தாண்டிய எண் தெரிந்தால் ரோலரைப் பாராட்டாதீர்கள், வரைகோட்டைச் சந்தேகப்படுங்கள். அதேபோல் ஈரமும் அடர்த்தியும் சேர்ந்து காற்றே இல்லாத நிலையின் கோட்டைத் தாண்டி விழுந்தால் அந்த எண் பொய், இயற்கையில் அப்படி ஒரு மண் இருக்க முடியாது. மண்ணின் நிறம் மாறினாலே புது புராக்டர் போட வேண்டும். மாறவில்லை என்று தோன்றினாலும் இத்தனை கன மீட்டருக்கு ஒன்று என்று எழுதி வைத்துக்கொண்டு போட வேண்டும்.

எந்த புராக்டர் என்பதும் முக்கியம். ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 2720 பாகம் 7 இலகு சோதனை: 2.6 கிலோ சுத்தி, 310 மி.மீ. உயரம், மூன்று அடுக்கு. பாகம் 8 கனரகச் சோதனை: 4.9 கிலோ, 450 மி.மீ., ஐந்து அடுக்கு. இரண்டுக்கும் அடுக்குக்கு 25 குத்துதான், ஆனால் செலுத்தும் சக்தி நாலரை மடங்கு வித்தியாசம். ஒப்பந்தத்தில் கனரகச் சோதனையின் 95 சதவீதம் என்று இருக்க, ஆய்வகத்தில் இலகு சோதனை போட்டு 95 காட்டினால் காகிதம் பாஸ் ஆகும், மண் ஆகாது. சுத்தமான மணலுக்கு புராக்டரே பொருந்தாது, அதற்கு அதிர்வு மேசையில் எடுக்கும் ஒப்பு அடர்த்திதான் அளவுகோல்.

ஈரத்துக்கு வருவோம். ஆயிரம் சதுர மீட்டரில் 250 மி.மீ. தளர்வாகப் பரப்பினால் சுமார் 350 டன் உலர் மண். ஈரம் 3 சதவீதம் குறைகிறது என்றால் பத்தரை டன், அதாவது 10,500 லிட்டர் தண்ணீர். பெரிய டேங்கர் லாரி ஒன்று. அதை மேலே தெளித்துவிட்டு உடனே ரோலரை விட்டால் மேல் இரண்டு அங்குலம் சேறு, கீழே புழுதி. டிராக்டரில் ரொட்டவேட்டர் மாட்டி ஒருமுறை உழுது கலக்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் அடிக்கிற அடிக்குக் காலையில் சேர்த்த ஈரம் மத்தியானம் இருக்காது. கடற்கரை சைட்டிலும் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆகவே பரப்புவதும் உருட்டுவதும் ஒரே ஓட்டமாக நடக்க வேண்டும்.

காய்ந்த மண்ணை உருட்டினால் கெட்டியாகத்தான் தெரியும். "சார், கல்லாட்டம் ஆயிப்போச்சுங்க, போதுமுங்க" என்பார் ஆபரேட்டர். அவர் சொல்வது பொய்யில்லை. காய்ந்த கட்டிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, நடுவில் பொக்கு. பின்னாளில் மழை இறங்கியோ குழாய் கசிந்தோ தண்ணீர் போனதும் கட்டி கரைந்து பொக்கு மூடும். மேலே பாரம் கூடாமலே தளம் இறங்கும். காரணம் தேடுகிறவர்கள் பாரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஈரத்தை அவசரமாகப் பார்க்கக் கார்பைடு மீட்டர் வைத்திருப்பார்கள். அது காட்டும் சதவீதம் ஈர எடையின் மேல். புராக்டர் வரைகோடு உலர் எடையின் மேல். மீட்டர் 10 என்றால் உண்மையில் 11.1. மீட்டர் 20 என்றால் 25. இந்த மாற்றலை மறந்துவிட்டு "ஈரம் குறைவு, இன்னும் தண்ணி விடு" என்று கரிசலைச் சேறாக்கிய சைட்டுகள் உண்டு.

அடுக்கில் தோண்டிய குழியில் மணல் நிரப்பி, அதன் அளவை வைத்து அடர்த்தி எடுக்கும்போது பக்கத்தில் அதிர்வு ரோலர் ஓடக் கூடாது. அதிர்வில் மணல் நெருங்கி உட்கார்ந்து, குழி பெரிதென்று காட்டும், நல்ல அடுக்கும் ஃபெயிலாகும். மணல் ஈரம் பட்டிருந்தாலும் கணக்கு கெடும். சீசியம்-137-ம் அமெரிசியம்-பெரிலியமும் வைத்த கதிரியக்க அளவி வேகமானது. ஆனால் அது ஈரத்தை ஹைட்ரஜனை எண்ணித்தான் அறிகிறது. சுவரை ஒட்டியோ குறுகிய பள்ளத்திலோ வைத்தால் ஈரத்தைக் கூட்டிக் காட்டும், அதற்குத் தனித் திருத்தம் உண்டு. அபிரகம் கலந்த மண்ணிலும் இதே கோளாறு. தினம் ஒருமுறையாவது மணல் முறையோடு ஒத்துப் பார்க்காமல் அதை நம்புவது கூடாது.

இப்போது மூலைக்கு வருவோம். பத்து டன் அதிர்வு ரோலர் திறந்த வெளியில் ஆறு, எட்டு ஓட்டத்தில் வேலையை முடித்துவிடும். எத்தனை ஓட்டம் என்பதை முதலில் ஒரு சோதனைப் பட்டையில் உருட்டிப் பார்த்து முடிவு செய்வார்கள், அதெல்லாம் ஒழுங்காகவே நடக்கும். சுவரிலிருந்து ஒரு மீட்டர், இரண்டு குழாய்க்கு நடுவே முக்கால் மீட்டர், படிபோல இறங்கும் ராஃப்டின் உள்மூலை: இங்கே ரோலர் போகாது. போகவும் விடக்கூடாது, சுவரை ஒட்டிக் கனமான ரோலர் ஓடினால் பக்க அழுத்தம் சுவரில் தங்கிவிடும், நீர்த்தடுப்புப் படலமும் கிழியும். கையால் இயக்கும் ராமரும் (மண்ணைக் குத்தி இறுக்கும் இயந்திரம்) தகடு அதிர்வியும்தான் வழி. அதன் சக்தி அவ்வளவுதான், ஆகவே அடுக்கு 100, மிஞ்சினால் 150 மி.மீ. நடப்பது என்ன? வெளியே 300 மி.மீ. அடுக்கு ஏறுகிறது, மூலையிலும் அதே 300 கொட்டி மேலே நாலு குத்துக் குத்திவிடுகிறார்கள். அடர்த்தி எடுக்க வருகிறவர், குழி தோண்ட வசதியாக நடுவில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். நூறு சோதனையும் பாஸ், மூலை மட்டும் பஞ்சு. சோதனைப் புள்ளியை மண் காண்ட்ராக்டர் காட்டக் கூடாது. மூன்றில் ஒன்றாவது சுவரோரத்தில் இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

குழாய்க்குக் கீழ்ப்பாதி வளைவில் ராமர்கூட நுழையாது. அங்கே மண்ணோடு மல்லுக்கட்டாமல் சாம்பலும் சிமெண்டும் மணலும் தண்ணீரும் கலந்து ஊற்றும் நிரப்பைப் பயன்படுத்துவது நல்லது. மேட்டூர் அனல் நிலையம் இருக்கிறதால் சாம்பலுக்கு நம் பக்கம் குறைவில்லை. பலம் 2 மெகாபாஸ்கலுக்குள் இருந்தால் பின்னால் தோண்டவும் முடியும். ஒரே எச்சரிக்கை: ஊற்றும்போது காலிக் குழாய் மிதக்கும். கட்டிப்போட்டு, இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள்.

அஸ்திவாரக் கட்டுக்குள் மண் கொட்டித் தண்ணீர் கட்டிவிட்டால் இறுகிவிடும் என்று நம் வீட்டு மேஸ்திரிகள் நம்புவது மணலுக்கு ஓரளவு பொருந்தும், செம்மண்ணுக்குப் பொருந்தாது, கரிசலுக்கு விபரீதம். நூற்பாலைகளில் தரை இறங்குவதற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம். ஆயிரம் கதிருக்கு மேலுள்ள ரிங் ஃப்ரேம் என்ற நூற்பு இயந்திரத்தின் நீளத்தில் ஒரு முனை சில மி.மீ. இறங்கினாலே மட்டம் போய் இழை அறுகிறது. விசையாழி அச்சுக்குச் சகிப்பு இதைவிடக் குறைவு.

மிட்லண்டின் கேபிள் பாதை போன்ற கடினப் புள்ளியைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. குப்பையும் கல்தூளும் போட்டு மூடிய பாறைக்குழி மேல் கொட்டகை போட்டால் பாதி பாறையிலும் பாதி நிரப்பிலும் நிற்கும். முழுதும் இறங்கினால்கூடத் தேவலாம், பாதி இறங்குவதுதான் கேடு. ஐ.எஸ். 1904 கான்கிரீட் சட்டகக் கட்டடத்தின் தனி அஸ்திவாரத்துக்கு மணலில் மொத்தம் 50 மி.மீ. வரை பொறுத்துக்கொள்கிறது, ஆனால் சாய்வு 1/666-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. ஆறு மீட்டர் இடைவெளிக்கு அது வெறும் 9 மி.மீ. மூடிய தோட்டத்துக் கிணறும் இதே ரகம். பழைய புலப்படத்தைப் பாருங்கள், பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரை "ஏனுங்கய்யா, இங்க கெணறு இருந்துச்சுங்களா?" என்று கேளுங்கள். இரண்டாவது வழி பெரும்பாலும் சரியான பதிலைத் தரும்.

பாறையைக் கண்டுவிட்டோம் என்பதிலும் ஏமாற்று உண்டு. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் ஒரே நாளில் ஆயிரம் அடி போகும், ஆனால் மேலே வருவது தூள். அது தண்ணீருக்கு, அஸ்திவாரத்துக்கு அல்ல. வைரமுனை வைத்துப் பாறைத் துண்டைக் கோலாக எடுத்து, எத்தனை சதவீதம் முழுசாக வந்தது என்று பார்க்க வேண்டும். மண்ணுக்குள் புதைந்த குண்டுப்பாறை தாய்ப்பாறை போலவே சத்தம் கொடுக்கும். குறைந்தது மூன்று மீட்டர் உள்ளே போய்ப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

களிமண் நிரப்பு இறங்க எடுக்கும் காலம், தண்ணீர் வெளியேற வேண்டிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரட்டித்தால் காலம் நான்கு மடங்கு. பாரம் ஏற்றி ஆறு மாதத்தில் முடிந்துவிட்டது என்று மணலை அள்ளுவதற்கு முன், நுண்துளை நீரழுத்தம் பழைய நிலைக்கு வந்ததா என்று பீசோமீட்டரில் பாருங்கள். இறக்க அளவுக் குறிகளை ராஃப்ட் போட்ட அன்றே பதித்து, ஒவ்வொரு கான்கிரீட் ஏற்றத்துக்குப் பிறகும் படிக்க வேண்டும். ஒப்பிடும் ஆதாரக் குறி பாறையில் ஊன்றி, நிரப்பு மண்ணுக்கு வெளியே இருக்க வேண்டும். நிரப்பு மேலேயே ஆதாரக் குறியை வைத்தால் கட்டடமும் குறியும் சேர்ந்து இறங்கும், நோட்டில் சுழியம் என்றே வரும். கட்டடத்துக்குள் நுழையும் குழாயைக் கடைசி வெல்டு போட்டு இணைப்பது அந்த அளவுகள் சமதளமாக ஓட ஆரம்பித்த பிறகுதான். திட்ட அட்டவணை முன்னாலேயே கேட்டாலும், குழாயில் ஒரு சிறு துண்டை விட்டு வைத்து அதைப் பின்னால் பொருத்துங்கள்.