அம்மம்மாவின் நீலக் கோட்டு

திருமணப் படங்களில் நிறத்தை மாற்றுவது பிழையென்று நான் நினைத்ததில்லை. இப்போதும் முழுமையாக அப்படி நினைக்கவில்லை. ஆயினும் சென்ற இலையுதிர் காலத்தில் ரொறன்ரோவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் எடுத்த குடும்பப் படத்தில், மணப்பெண்ணின் அம்மம்மா அணிந்திருந்த நீலக் கோட்டைத் துருச் சிவப்பாக்கிக் கொடுத்தது ஏனோ என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

துருச் சிவப்பு, மரூன், கடுகு மஞ்சள் என்று அழைப்பிதழிலேயே நிறங்கள் குறிக்கப்பட்டிருந்தன. டாலியா மலர்கள் முதல் நாற்காலி நாடா வரை எல்லாம் அந்த வரிசைதான். அம்மம்மாவும் சொன்ன நிறத்தில்தான் சேலை உடுத்தி வந்திருந்தார். ஆனால் ஒக்டோபர் மாதம், 8 பாகைக் குளிர், கூரையில்லாத இடம். கழுத்துவரை பொத்தானிட்டிருந்த கோட்டைக் கழற்றும்படி அவரிடம் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"அந்த நீலத்தை மட்டும் மாத்தலாமோ, அண்ணா?" என்று மணப்பெண் மெல்லக் கேட்டார். "ஓம், அது சின்ன வேலை" என்றேன். பேச்சு அவ்வளவுதான். அவர் கேட்டது என் கைத்திறனைப் பற்றியா, அல்லது அப்படிச் செய்வது சரியா என்பதையா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அந்தப் படத்தில் நான் மாற்றியது கோட்டை மட்டுமல்ல. வடக்கே அல்கொன்குயின் பூங்காவில் சீனி மேப்பிள் மரங்கள் செப்டம்பர் கடைசியிலேயே சிவந்துவிடுவதைப் பார்த்து, ரொறன்ரோவிலும் அப்படித்தான் என்று நம்பி நாள் குறிப்பவர்கள் உண்டு. இங்கே மரங்கள் நிறம் மாற இன்னும் சில வாரங்கள் செல்லும். அன்றும் பின்னணி மரங்கள் பாதி பச்சையாகவே நின்றன. அந்தப் பச்சையை மஞ்சள் பக்கம் நகர்த்தினேன். புல்லிலிருந்து தெறித்து முகங்களில் படிந்த பச்சைச் சாயலை நீக்கினேன். இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. கமராவே நிறத்தை முழுமையாகப் பதிவதில்லை: பெரும்பாலான டிஜிட்டல் கமராக்களில் உள்ள, கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற நிற வடிகட்டி அமைப்பில், ஒளியைப் பதியும் உணரியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் அண்டைப் புள்ளிகளை வைத்துக் கணக்கிட்டே நிரப்புகிறார்கள். அப்படியிருக்க, நான் இன்னும் சிறிது நிரப்பியதில் என்ன குற்றம்? மரங்களுக்காக இந்த வாதத்தைச் சொல்லும்போது இருக்கும் உறுதி, கோட்டுக்காகச் சொல்லும்போது எனக்கு வருவதில்லை.

நிறத்தை அம்மம்மாவின் சேலைக்கரையிலிருந்தே எடுத்தேன். அவர் விரும்பி உடுத்திய நிறத்தை வெளியே கொண்டுவருகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்மை. நீலம் அவருடைய முகவாயிலும், அருகே நின்ற சிறுவனின் சட்டைக் கையிலும் மெலிதாகப் படிந்திருந்தது. அதை விட்டுவைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் அங்கேயும் துடைத்தேன். தொழில்முறையில் பார்த்தால் அது நல்ல வேலை. இன்றும் அந்தப் படத்தில் ஒட்டுத் தெரியாது.

சில வாரங்களுக்குப் பிறகு மணப்பெண் சிரித்தபடியே தொலைபேசியில் சொன்னார்: "அம்மம்மா அல்பத்தைப் பாத்திட்டு, இது ஆருடைய கோட்டு எண்டு கேக்கிறா." நானும் சிரித்தேன். அம்மம்மாவுக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. முதியவர்களுக்கு மறதி இயல்பு என்று வீட்டார் விட்டிருக்கலாம் என்ற எண்ணம் அதன் பிறகே வந்தது. தன் கோட்டின் நிறத்தைச் சரியாக நினைவில் வைத்திருந்தவர் அவர்தான் என்பதால் அது கூடுதலாக உறுத்துகிறது. மூலப்படத்தை நானாகவே அனுப்பலாம். ஆனால் கேட்காமல் அனுப்பினால், புதுமணப் பெண்ணைக் குற்றஞ்சாட்டுவது போலாகிவிடாதா? அம்மம்மா வருந்தினார் என்று யாரும் என்னிடம் சொல்லவுமில்லை.

இந்த ஆண்டு முன்பதிவு செய்த ஒரு தம்பதி, நிறக்கட்டுப்பாட்டை மீறி வருபவர்களைப் படத்தில் சரிசெய்து தருவீர்களா என்று முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள். முடியும், தனிக் கட்டணம் என்று பதில் எழுதினேன். உரியவரின் சம்மதம் வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தேன். பிறகு, விருந்தினர் ஒவ்வொருவரிடமும் போய் எப்படிக் கேட்பது என்று அதை எடுத்துவிட்டேன்.