"வேறு மருந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் பதில் வராது

மருத்துவமனைப் படிவத்தில் இப்படி ஒரு வரி இருக்கும். புலம்பெயர்ந்து வாழும் சிறுபான்மைச் சமூகத்தவர் பலர் அதற்கு 'இல்லை' என்றே எழுதுவார்கள். அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து என்றால் அவர்களுக்கு மாத்திரை, ஊசி. கஷாயமும் பொடியும் தைலமும் வீட்டுப் பொருள். சொன்னால் திட்டு விழும் என்ற பயமும் உண்டு.

சமையல்கூடக் கணக்கில் வரும். சர்க்கரை நோய்க்குக் குளோர்ப்ரொபமைடு எடுத்துவந்த ஒரு பெண்ணுக்கு, கறியில் சேர்த்த பாகற்காய் மாத்திரையின் வேகத்தைக் கூட்டியதை 1979இல் லான்செட் மருத்துவ இதழ் பதிவு செய்தது.

அதனால் நோயாளியை விசாரிக்கும் மருத்துவரும் செவிலியரும் கேள்வியை மாற்றுங்கள். "வயிறு சரியில்லை என்றால் வீட்டில் முதலில் என்ன கொடுப்பீர்கள்?" "ஊரிலிருந்து யாராவது ஏதாவது கொண்டுவந்தார்களா?" பிறகு குடிப்பது, தேய்ப்பது, புகை போடுவது, கண்ணுக்கு இடுவது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இலையா, வேரா, பட்டையா? எத்தனை கரண்டி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவாகச் சுண்டும்வரை காய்ச்சினார்கள்? கடைசியாக எப்போது? மொழிபெயர்க்கக் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். மருந்தைக் காய்ச்சிக் கொடுத்த உறவினரே மொழிபெயர்த்தால் பாதி விவரம் விழுங்கப்படும்.

பெயரை அவர்கள் சொல்லும் ஒலியிலேயே எழுதுங்கள். ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள், பொட்டலத்தையே கொண்டுவரச் சொல்லுங்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைப்பு மருந்தில் 'ஃபாங் ஜி' என்ற சீனப் பெயர்க் குழப்பத்தால் ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா என்ற நச்சுச் செடி கலந்துவிட்டது. நூறு பெண்களுக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. தமிழில் ஆடுதின்னாப்பாளை, ஈசுரமூலி என்கிற செடிகளும் இதே பேரினம்தான்.

பொடி என்றால் நிறத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் மெக்சிக வழிக் குடும்பங்கள் குழந்தைகளின் வயிற்றுக்கட்டுக்குக் கொடுத்த அசார்கோன் ஆரஞ்சு நிறம், கிரேட்டா மஞ்சள் நிறம். இரண்டுமே ஈயச் சேர்மங்கள். தென்கிழக்காசிய ஹ்மாங் மக்களின் பே-லூ-ஆ, பர்மிய அகதிக் குடும்பங்களின் டா த்வே ஆகிய வீட்டு மருந்துகளிலும் ஈயம் கண்டறியப்பட்டது. காய்ச்சினாலும் சலித்தாலும் ஈயம் போகாது. சந்தேகம் வந்தால் பொடியை அன்றே நிறுத்தி, குழந்தையின் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமை எல்லையாக வைத்திருக்கிறது. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில், கையில் ஒட்டிய தூசி அளவைக் கூட்டிக் காட்டிவிடும். சோப்பு போட்டுக் கையைக் கழுவிய பிறகே குத்த வேண்டும். அளவு கூடியிருந்தால் ரத்தக் குழாயிலிருந்து (சிரையிலிருந்து) ரத்தம் எடுத்து உறுதிசெய்ய வேண்டும்.

அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் அளவை ரத்தத்தில் குறைக்கும். பலரும் கோட்டைவிடுவது அதை நிறுத்தும்போதுதான்: அதன் தாக்கம் இரண்டு வாரம் வரை மெல்ல விலகும், அப்போது வார்ஃபரின் அளவு ஏறி ரத்தக் கசிவு வரலாம். நிறுத்தச் சொன்ன நாளிலேயே அடுத்த ரத்தப் பரிசோதனைக்கும் தேதி குறியுங்கள்.

முதுகில் நீளக் கோடுகளாய்ச் சிவந்த தடம் இருந்தால் உடனே அடி என்று எழுதிவிடாதீர்கள். வியட்நாமியக் குடும்பங்களில் காய்ச்சலுக்குத் தைலம் பூசி நாணயத்தால் தேய்ப்பார்கள். சில நாளில் மறைந்துவிடும். தனியாக அமர்த்திக் கேட்டு, தடம் இருக்கும் இடத்தையும் வடிவத்தையும் குறித்துவையுங்கள்.

சூடு, குளிர்ச்சி என்று அவர்கள் பேசினால் குறுக்கே பேசாதீர்கள். நியூயார்க்கின் புவேர்ட்டோ ரிக்கோ சமூகத்தைப் பற்றி 1971இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, கர்ப்பிணிகள் சூடு என்று கருதி இரும்புச்சத்து மாத்திரையைத் தவிர்த்ததைச் சொல்கிறது. அதற்கு வழி எளிது: குளிர்ச்சி என்று அவர்களே நம்பும் பழச்சாறோடு விழுங்கச் சொல்வது. அது புளிப்புச் சாறாக இருந்துவிட்டால் இரும்பும் கூடுதலாகவே உடம்பில் சேரும்.