சதுப்பு நிலக் கரையில் இருபது நிமிடம்

சென்னையில் துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் இருநூறடிச் சாலை, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நடுவே கிழித்துக்கொண்டு போகிறது. தண்ணீர் வற்றத் தொடங்கும் நாட்களில் காலையில் அந்தப் பக்கம் போனால் பூநாரைகள் கூட்டமாக நிற்பதைப் பார்க்கலாம். கொஞ்ச தூரத்தில் பெருங்குடி குப்பைக் கிடங்கு. இந்த இடத்துக்கும், செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளுக்கும், நீலாங்கரைக் கடற்கரைக்கும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதுதான் பதினோரு ஆண்டுகளாக என் வேலை. காகிதத்தில் 'களக் கல்வி ஒருங்கிணைப்பாளர்'. பிள்ளைகளுக்கு அக்கா.

எந்நேரமும் பறவைகளோடும் பிள்ளைகளோடும் இருக்கிற வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வாரத்தில் நான்கு நாள் எனக்கு ஃபோனிலும் கடிதங்களிலும் போய்விடும். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு கடிதம், வனச்சரகருக்கு ஒரு கடிதம், பெற்றோர் ஒப்புதல் படிவம், பேருந்தின் தகுதிச் சான்று, ஓட்டுநரின் எண், எந்தப் பிள்ளைக்கு இழுப்பு இருக்கிறது, யாருக்குத் தேனீ கொட்டினால் ஆகாது என்கிற பட்டியல். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி. பேருந்தில் ஏறும்போது ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை, திரும்ப ஏறும்போது ஒருமுறை எண்ணிக்கை. இத்தனையும் எதற்கு என்று கேட்டால், ஒவ்வொரு பிள்ளையும் தண்ணீர்க் கரையில் தனியாக, யாரும் பேசாமல், இருபது நிமிடம் உட்காருவதற்கு. மற்றவை எல்லாம் அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் என்று இன்று தயங்காமல் சொல்வேன். அது புரிய எனக்கு நான்கைந்து வருடம் ஆனது.

ஆரம்பத்தில் நான் பெயர்களைக் கொடுத்துக்கொண்டே நடப்பேன். அதோ நாமக்கோழி, இது முக்குளிப்பான், அங்கே தாழைக்கோழி, மேலே பறப்பது கூழைக்கடா. பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டே வருவார்கள். ஒரு நடைக்கு முப்பது பெயர் சேர்ந்துவிட்டால் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆசிரியர்களுக்கும் அது பிடித்திருந்தது, எழுதியதைக் காட்டலாம் அல்லவா. ஆனால் நோட்டைப் பார்த்து எழுதுகிற நேரத்தில் ஒரு பிள்ளையும் பறவையைப் பார்க்கவில்லை. பெயர் கிடைத்த உடனே அந்தப் பறவையோடு வேலை முடிந்துவிடுகிறது, அடுத்தது என்ன என்று என் வாயைப் பார்க்கிறார்கள்.

அதை மாற்றியது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அன்று வழிகாட்டிகள் இரண்டு பேர் வராமல் போனதால், கூட்டத்தைச் சமாளிக்க ஒரு குழுவைக் கரையில் வரிசையாக உட்கார வைத்துவிட்டு, "அமைதியா பாத்துக்கிட்டு இருங்க, வந்துடறேன்" என்று போயிருந்தேன். திரும்பி வந்தபோது அந்தப் பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, அந்தக் கொக்குக்கு வாய் ஒடைஞ்சிருக்கு. மூடவே மாட்டேங்குது. பாவம்."

அவள் காட்டியது நத்தைகுத்தி நாரை. அதன் மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் ஓர் இடைவெளி இருக்கும். எனக்கு விடை நுனி நாக்கில் வந்துவிட்டது. எப்படியோ அடக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் பாரேன், அது எப்படி சாப்பிடுதுன்னு" என்று மட்டும் சொன்னேன். பத்து நிமிடம் அவள் அசையவில்லை. நாரை சேற்றில் அலகை விட்டுத் துழாவி, ஒரு நத்தையை எடுத்து, தலையை ஆட்டி ஆட்டி ஏதோ செய்து, சதையை விழுங்கியது. ஓட்டைக் கீழே விட்டது. அவள் எழுந்து நின்றே விட்டாள். "ஒடையலக்கா. அது நத்தைய புடிக்கறதுக்கு!" அப்போதுதான் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரை அவள் நோட்டில் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர்ந்த பிறகுதான் வரும் என்று சொன்னதும், "அப்ப குட்டி எப்படி சாப்பிடும்?" என்று அடுத்த கேள்வி வந்தது. என் முப்பது பெயர்ப் பட்டியலில் ஒருமுறைகூட ஒரு பிள்ளை என்னிடம் அப்படி இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.

அதன் பிறகு நடையின் தூரத்தைப் பாதியாகக் குறைத்தேன். பெயர்களைக் கடைசிக்குத் தள்ளினேன். நாற்பது பிள்ளைகளுக்கு எங்களிடம் இருப்பது ஆறு பைனாகுலர். அதற்கு அடிபிடி நடப்பதிலேயே காலை போய்விடும் என்பதால் முதல் ஒரு மணி நேரம் அதை வெளியே எடுப்பதே இல்லை. பழைய நாள்காட்டித் தாளைச் சுருட்டிக் குழல் செய்து கொடுக்கிறோம். அது எதையும் பெரிதாக்கிக் காட்டாது. ஆனால் குழல் வழியாகப் பார்க்கும் பிள்ளை ஒன்றை மட்டும் பார்க்கிறது, அது போதும்.

இருபது நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் கஷ்டம். சிரிப்பு, முணுமுணுப்பு, கல் எறிவது, "எறும்பு கடிக்குது மிஸ்". அந்த நேரத்தில் பக்கத்தில் எதுவும் இருக்காது, எல்லாம் பறந்து போயிருக்கும். எட்டாவது, ஒன்பதாவது நிமிடத்தில் மடையான் ஒன்று பழைய இடத்துக்கே வந்து நிற்கும். கோரைக்குள்ளிருந்து நாமக்கோழி வெளியே வரும். நாம் ஒன்றும் செய்யமாட்டோம் என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகளுக்கும் அது தெரிகிறது, யாரும் விளக்க வேண்டியதில்லை. சில ஆசிரியர்கள் இந்த நேரத்தில் ஃப்ளெக்ஸைப் பிடித்துப் படம் எடுத்துவிடலாம் என்று வருவார்கள். "கிளம்பும்போது எடுக்கலாம் சார்" என்று கெஞ்சித் தடுக்க வேண்டியிருக்கும். அந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரி.

இனி சொல்லப்போவது பலருக்குச் சின்ன விஷயமாகப் படலாம். எனக்கு இந்த வேலையிலேயே பெரிய விஷயம் அதுதான்.

மூன்றாவது வருடம், ஒரு கிராமத்து ஏரிக்கு அரசுப் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்பை அழைத்துப் போயிருந்தோம். பதினோரு மணிக்கு ஒரு பெண் மயங்கி விழுந்தாள். வெயில் என்று நினைத்தோம். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து நிழலில் படுக்க வைத்த பிறகு, தோழி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: காலையிலிருந்து பெண்கள் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. ஏரிக்கரையில் கழிப்பறை இருக்காது என்று முதல் நாளே அவர்களுக்குள் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் பையிலும் நிறைந்த தண்ணீர் பாட்டில். நாங்கள் திட்டம் போட்டபோது ஏரியின் ஆழம், பறவைப் பட்டியல், சாப்பாடு, முதலுதவிப் பெட்டி எல்லாம் யோசித்தோம். இதை யோசிக்கவில்லை. ஆசிரியையிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்தப் பெண் சாயங்காலம் நன்றாகத்தான் வீட்டுக்குப் போனாள், ஆனாலும் அந்த நிறைந்த பாட்டில்களை என்னால் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி கழிப்பறை. தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நானே போய்ப் பார்க்கிறேன். இல்லாவிட்டால் பக்கத்துப் பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ கேட்டு ஏற்பாடு செய்கிறேன். பேருந்து கிளம்பும் முன் அதை எல்லாருக்கும் சத்தமாகச் சொல்கிறேன், நாப்கின் எங்கே இருக்கிறது என்பது உட்பட. பையன்களும் கேட்கட்டும். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எந்த நாரையும் கண்ணில் படாது.

நாட்களும் நம் கையில் இல்லை. வலசைப் பறவைகள் இங்கே இருப்பது சுமாராக நவம்பர் முதல் மார்ச் வரை. நவம்பரில் மழை விடுமுறை, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, அப்புறம் திருப்புதல் தேர்வுகள், மார்ச்சில் பொதுத்தேர்வு. நடுவில் பொங்கலை ஒட்டி மிஞ்சுகிற சில வாரங்களில்தான் எல்லாப் பள்ளிகளையும் அடைக்க வேண்டும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இதுவரை எங்களோடு வந்ததே இல்லை. ஆறு, ஏழு, எட்டுதான் வருகிறார்கள்.

தலைமையாசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "பாடத்துலயே எல்லாம் இருக்கேம்மா, தனியா எதுக்கு வெளியில?" நியாயமான கேள்விதான். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. அதனால் இன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவுச் சங்கிலி தெரியும், மாசுபாட்டின் வகைகள் தெரியும். பள்ளிக்கரணையின் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடானதும், 2022இல் ராம்சர் நிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டதும்கூடச் சிலருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளியின் மாடியில் நின்றால் சதுப்பு நிலம் தெரியும். அதன் பெயர் என்ன என்று கேட்டபோது பாதிப் பேர் "காலி எடம்" என்றார்கள். நான் அவரை மாடிக்கே கூட்டிப்போய் அதைச் சொன்னேன். அடுத்த வாரம் பேருந்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் 'காலி எட'த்தைப் பற்றி எனக்கு நன்றாகப் பாடம் எடுத்தவன் பெரும்பாக்கம் குடியிருப்பில் இருக்கும் ஒரு பையன். மிக்ஜாம் புயல் முடிந்து ஒரு மாதம், 2024 சனவரி. அவர்கள் வீடு இருக்கும் பிளாக்கைச் சுற்றி நாள்கணக்கில் தண்ணீர் நின்றிருக்கிறது. சதுப்பு நிலத்தின் கரையில் நின்று அவன் கேட்டான்: "அக்கா, இங்க இவ்ளோ எடம் இருக்கே, தண்ணி ஏன் எங்க தெருவுக்கு வந்துச்சு?"

பறவைகளை விட்டுவிட்டு அன்று முழுவதும் தண்ணீரைப் பற்றித்தான் பேசினோம். தரையில் குச்சியால் கோடு போட்டோம். சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழிந்தால் இங்கே வரும். இங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு, அங்கிருந்து கோவளம் பக்கம் கடலுக்கு. முன்பு இந்த நிலம் இப்போது இருப்பதைப்போலப் பல மடங்கு. அதில் எங்கெங்கே மண் கொட்டிச் சாலையும் கட்டடமும் வந்தன என்று பிள்ளைகளே கூழாங்கல்லை வைத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் மடுவுக்கு ஒரு விரல் அகல வழிதான் மிஞ்சியது. ஒருவன் பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தான். அது கற்களுக்கு மேலே ஏறி நின்றது. "எங்க பிளாக்கும் ஒரு கல்லு தான்க்கா" என்றான் கேள்வி கேட்ட பையன். அவன் குடும்பம் நகரத்துக்குள்ளே ஆற்றங்கரையில் இருந்து இங்கே மாற்றப்பட்ட குடும்பம். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது? "ஆமாம்பா" என்றேன். அதற்கு மேல் நல்ல வார்த்தை எதையும் சேர்த்து அதை லேசாக்க எனக்கு மனம் வரவில்லை.

வேடந்தாங்கலுக்குப் போகும் நாட்களில் நான் பேசுவதே குறைவு. அங்கே ஏரிப் பாசனத்தில் பயிர் செய்யும் பெரியவர் ஒருவரைப் பேசச் சொல்வேன். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர் சொல்லும்போது பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். அந்த ஊர் மக்கள் வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1798இல், பறவைகளைச் சுடக்கூடாது என்று கலெக்டரிடம் ஆணை வாங்கியவர்கள். "எங்க தாத்தாவுக்குத் தாத்தா" என்று அவர் ஆரம்பிப்பதை நான் எந்தப் படத்தைக் காட்டியும் ஈடுசெய்ய முடியாது.

எங்களுக்கு நிதி தருகிறவர்கள் கேட்பது எண்ணிக்கை. எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை. அதை ஒழுங்காகக் கொடுக்கிறேன். ஆனால் ஒரு பள்ளியின் முப்பத்தெட்டுப் பிள்ளைகளை மூன்று முறை அழைத்துப் போவது, மூன்று பள்ளிகளை ஒரு முறை அழைத்துப் போவதைவிட மேல் என்று ஒவ்வொரு வருடமும் அறிக்கையில் எழுதுகிறேன். போன வருடம் ஒரு பள்ளிக்கு மட்டும் சம்மதித்தார்கள்.

அந்தப் பள்ளியில் இப்போது வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், கைப்பம்புக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடியில், பிள்ளைகள் தாங்களாகவே இருபது நிமிடம் உட்காருகிறார்கள். அறிவியல் ஆசிரியை அவர்கள் எழுதியதைப் படம் எடுத்து அனுப்புவார். முதல் வாரம், ஓணான் தலையை ஆட்டியது. இரண்டாம் வாரம், அதே ஓணான், கழுத்து சிவப்பு. மூன்றாம் வாரம் மழை, உட்காரவில்லை. நேற்று வந்ததில் ஒரு வரி: "காக்கா காஞ்ச இட்லியைத் தொட்டித் தண்ணியில நனைச்சுத் திங்குது. அதுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?" அடுத்த வெள்ளிக்கிழமை நான் அங்கே போகிறேன். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.