1855-இல் ஜிப் கிடையாது

"மிஸ், உங்க காலத்துல ஜிப் இருந்துச்சா?"

ஆறாம் வகுப்பு. கடைசி வரிசைப் பையன். பள்ளிகளுக்குப் போய், சரித்திரத்தில் வருகிறவர்கள் மாதிரி வேடம் போட்டுப் பிள்ளைகளோடு பேசுவது என் வழக்கம். நான் அப்போது ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், கிரிமியப் போரில் சிப்பாய்களைக் கவனித்த ஆங்கிலேயச் செவிலி. கறுப்பு கவுன், வெள்ளைக் காலர், வெள்ளைத் தொப்பி, கையில் விளக்கு. துருக்கியில் இருந்த ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரியின் நீண்ட நடைவழியில் போவதாகப் பாவனை செய்துகொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே மெதுவாக நடந்தேன். கடைசி பெஞ்சைத் தொட்டுத் திரும்பியபோது முதுகு தெரிந்துவிட்டது. கழுத்திலிருந்து இடுப்பு வரை பளபளவென்று ஒரு ஜிப்.

வேடத்தில் இருக்கும்வரை வெளியே வரக்கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட விதி. அதனால், "ஜிப் என்றால் என்ன?" என்று கேட்டேன். "உங்க முதுகுல இருக்கே, அதுதான்" என்றான். அவ்வளவுதான். மிச்ச அரைமணி நேரமும் போருக்கோ புண்ணுக்கோ இடமே இல்லை, எல்லார் கண்ணும் என் முதுகில்தான்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். இப்போது நாம் போடுகிற மாதிரியான ஜிப்பை கிடியன் சுண்ட்பேக் உருவாக்கியது 1913-இல். நைட்டிங்கேல் 38 செவிலியரோடு ஸ்குட்டாரியில் போய் இறங்கியது 1854 நவம்பரில். ஊக்குக்கு வால்டர் ஹண்ட் 1849-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆக, ஊக்கு குத்தலாம், ஜிப் ஆகாது. அன்று ராத்திரியே ஜிப்பைப் பிரித்தெடுத்துவிட்டு 14 கொக்கி வைத்துத் தைத்தேன்.

அந்தப் பையனால் எனக்கு ஒரு விளையாட்டும் கிடைத்தது. இப்போதெல்லாம் ஒவ்வொரு வேடத்திலும் வேண்டுமென்றே ஒரு தப்பு வைக்கிறேன். பந்துமுனைப் பேனா, பிளாஸ்டிக் பொத்தான், இப்படி ஏதாவது ஒன்று. கண்டுபிடிக்கச் சொன்னால் நாலைந்து பிடித்துக் கொடுக்கிறார்கள். அதில் ஒன்றுதான் நான் வைத்ததாக இருக்கும்.

விளக்கு விஷயமும் இப்படித்தான். முதலில் நான் எடுத்துப்போனது மூக்கு நீண்ட எண்ணெய் விளக்கு, படங்களில் வருகிற மாதிரி. பார்த்ததும் "பூதம் வருமா?" என்று கேட்டார்கள். நைட்டிங்கேல் கையில் இருந்தது துருக்கிக்காரர்கள் பயன்படுத்திய மடக்கு விளக்கு. மேலும் கீழும் தகடு, நடுவே மடிப்பு மடிப்பாகத் துணி, உள்ளே மெழுகுவர்த்தி. கெட்டித் தாளை விசிறி போல மடித்து நானே ஒன்று செய்துகொண்டேன். மெழுகுவர்த்திக்குப் பதில் சின்ன பேட்டரி விளக்கு. பேட்டரியை யாரும் தப்பில் சேர்க்கவில்லை, பாவம் பார்த்துவிட்டார்கள்.

உடை சரியானதும் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, உடையைவிட வாயில்தான் தப்பு அதிகம். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் அந்த மனிதருக்குத் தெரியாததையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் பிறந்தது 1820, இறந்தது 1910 என்று நைட்டிங்கேலே நின்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ஒரு வருஷம் ஓட்டினேன்.

இப்போது உள்ளே நுழையும் முன் கரும்பலகையில் ஒரு தேதி எழுதச் சொல்கிறேன். அந்தத் தேதிக்கு அப்பால் எனக்கு எதுவும் தெரியாது. நைட்டிங்கேல் என்றால் 1855 பிப்ரவரி. வேண்டுமென்றே எடுத்த மாதம் அது. அவர் போனார், விளக்கைப் பிடித்தார், சாவு குறைந்தது என்றுதான் நாமெல்லாம் படித்தோம். உண்மையில் அவர் போன பிறகு முதல் சில மாதங்கள் சாவு கூடிக்கொண்டே போனது. அந்த பிப்ரவரியில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள்.

"ஏன் சாகிறாங்க?" என்று கேட்பார்கள். அந்தத் தேதியில் நைட்டிங்கேலுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வேன். நல்ல சாப்பாடு இல்லை, போர்வை இல்லை, சக்தி எல்லாம் போன பிறகுதான் இங்கே கொண்டுவந்து போடுகிறார்கள். கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடப்பதுதான் பெரிய காரணம் என்று அவர் அப்போது நினைக்கவில்லை. மார்ச் மாதம் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைக் கழுவிவிட்டது, காற்று வர வழி செய்தது. ஜூனில் அந்த 42 ஏறக்குறைய 2 ஆகிவிட்டது. ஊர் திரும்பி, வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர நிபுணரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்த பிறகுதான் அவருக்கே அது முழுசாக உறைத்தது. 1858-இல் வண்ண வண்ணமாக ஒரு வட்ட வரைபடம் போட்டு ஊருக்கே காட்டினார். எனக்கு அந்த விளக்கைவிட இந்த வரைபடம்தான் பிடிக்கும். ஆனால் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி என்றால் பலகையில் தேதி 1902-இல் ஒரு ராத்திரி. உடை சுலபம், கருநீல கவுன். 1895-இல் கல்யாணத்துக்கே அவர் அந்த நிறத்தில்தான் உடுத்தினார், பிறகு ஆய்வுக்கூடத்துக்கும் ஆகும் என்று. ஒழுகும் கூரைக் கொட்டகையில் அவர் உயரத்துக்கு இருந்த இரும்புக் கம்பியால் கொதிக்கும் கரைசலைக் கிண்டியதைச் சொல்லிவிட்டு, ஒரு வாளி ஈர மணலைக் கொடுத்து இரண்டு நிமிஷம் கிண்டச் சொல்வேன். கை வலிக்கத் தொடங்கியதும் சொல்ல வேண்டியது: டன் கணக்கில் தாதுக்கழிவு, நாலு வருஷம், கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு.

அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு ஒளிரும் குழாயை எடுப்பேன். முதலில் பச்சை விளக்கு வைத்திருந்தேன். பச்சை, கடிகார முள்ளில் பூசிய ரேடியம் சாயத்தின் நிறம், கூடக் கலந்த துத்தநாக சல்பைடால் வருவது. ரேடியம் உப்பு லேசான நீலம். மாற்றிவிட்டேன்.

ஒரு தடவை முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். "மிஸ், அதைக் கீழ வைங்க. அது விஷம்."

தேதி 1902. நான் வைக்க முடியாது. "விஷமா? பெக்கரெல் என்ற விஞ்ஞானி இதைச் சட்டைப்பையில் வைத்திருந்து தோல் புண்ணாகிப் போனது நிஜம்தான். என் கணவரும் கையில் கட்டிப் பார்த்தார், ஆறப் பல வாரம் ஆனது. அப்படியானால் உடம்பில் இருக்கும் கெட்ட கட்டியையும் இது எரித்துவிடும் அல்லவா?" என்றேன்.

அவள் உட்காரவில்லை.

கடைசிப் பத்து நிமிஷம் ஏப்ரனைக் கழற்றிவிட்டு நானாக நின்று பேசுவது வழக்கம். 1934-இல், எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்க முடியாமல் போகிற நோயில் அவர் இறந்ததையும், அவருடைய குறிப்பேடுகளை இன்றைக்கும் ஈயப் பெட்டியில் வைத்திருப்பதையும் சொன்னேன். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். அந்தப் பெண் என்னை முறைத்தாள். "அப்ப நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம்ல?" என்னைக் கேட்கவில்லை. ஏப்ரனைக் கேட்டாள்.

செய்யாத வேடங்களும் உண்டு. நைட்டிங்கேலோடு மேரி சீக்கோலையும் செய்யுங்கள், முகத்துக்குக் கறுப்பு பூசிக்கொள்ளலாம் என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள். ஜமைக்காவில் பிறந்து, தன் கைக்காசில் கிரிமியாவுக்குப் போய், போர்முனைக்குப் பக்கத்தில் விடுதி நடத்திச் சிப்பாய்களைக் கவனித்தவர். அவரைப் பற்றிக் கட்டாயம் சொல்கிறேன், ஆனால் நானாக நின்று சொல்கிறேன், பூச மாட்டேன் என்றேன். நைட்டிங்கேலுக்காக நான் வெள்ளை பூசிக்கொண்டதும் கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட என் நிறத்தைக் கேட்டதில்லை. ஜிப்பைத்தான் கேட்கிறார்கள்.

ஜிப் போய்க் கொக்கி வந்ததில் ஒரு சங்கடம். 14-உம் முதுகில். கை எட்டாது. போன மாதம் ஒரு பள்ளியின் சாமான் அறையில் அங்கே வேலை பார்க்கும் அக்கா ஒருவர் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார். பாதியில் நிறுத்தி, "ராத்திரி பகல்னு ஓடுற அம்மாவுக்கு தினம் இதை யாரு மாட்டிவிட்டாங்க?" என்றார்.

நான் யோசிக்காத கேள்வி. நைட்டிங்கேல் பணக்கார வீட்டுப் பெண், பணிப்பெண்களோடு வளர்ந்தவர், வீட்டில் என்றால் சரி. ஆனால் அந்த வருஷங்களில் பெண்கள் பகலில் போட்ட உடையைப் படங்களில் மறுபடி பார்த்தால், பெரும்பாலும் திறப்பு முன்பக்கம்தான். முதுகில் கொக்கி விருந்துக்குப் போகிற உடுப்புக்கு.

கவுன் இப்போது மடியில் கிடக்கிறது. 9 பிரித்தாயிற்று, இன்னும் 5. ஜிப் கேட்ட பையன் ஏழாம் வகுப்புக்குப் போயிருப்பான்.